பண்ணுக்குப் படியளப்பார் யார்?

இளங்கலை இசை முடித்து வெளிவரும் மாணவனையோ மாணவியையோ உற்றாரும் சுற்றத்தாரும் கேட்கும் முதற் கேள்வி, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்பதன்று, "இன்னுமா படிக்கப் போகிறாய்?" என்பதே. பொறியியல் பயில்வானைத் தேடி வங்கிகள் கடன் கொடுக்க வருகின்றன. மருத்துவம் பயில்வானுக்கு நிலத்தை விற்றேனும் பணம் கட்டத் தந்தை அணியமாயிருக்கின்றார். பண்ணையும் தாளத்தையும் மேலும் ஈராண்டு பயில விழைவானுக்கு மட்டும் வீட்டில் ஒரு பெருமூச்சும் வெளியில் ஒரு புன்சிரிப்புமே கிடைக்கின்றன.

அவனை அச்சுறுத்துவது கல்லூரிக் கட்டணம் ஒன்றே என எண்ணுவது பிழை. அரசு இசைக்கல்லூரிகளின் கட்டணம் தனியார் பொறியியற் கல்லூரிகளின் கட்டணத்தோடு ஒப்பிடத் தக்கதன்று, மிகக் குறைவே. அவனை வாட்டுவன விடுதிச் செலவும் உணவுச் செலவும் கருவியைச் செப்பஞ் செய்யும் செலவும் ஆகும். அவற்றினும் மேலாக வாட்டுவது, அதுகாறும் வந்துகொண்டிருந்த சிறு வருவாய் நின்றுபோவது. தவில் வாசிக்கும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மண நாள்களும் தேர்வு நாள்களும் சித்திரை, வைகாசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். மேளத்திற்குப் போனால் தேர்வு போகும். தேர்வுக்குப் போனால் அடுத்த ஆண்டு அந்த மேளத்திற்கு அவனை அழைப்பாரில்லை. முதுகலை வகுப்பின் முதலாண்டே இசை மாணவனை முறித்துப் போடும் ஆண்டு. அந்த ஆண்டில் அவனுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் என்ன இருக்கின்றது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இசைவாணர்க்குப் பொது நிதியிலிருந்து படியளக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், அவர்க்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ஆக 50 பேரை முதலாம் இராசராசன் அமர்த்தினான். ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். குறுணி பன்னிரண்டு கொண்டது ஒரு கலம் ஆதலின், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 கலம் ஆயிற்று. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கொன்றும் வழங்கப்பெற்றன. பாடுவார் கூலியும் ஆடுவார் கூலியும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன என்பது கணக்கிட்டுப் பார்ப்பார்க்கு விளங்கும். பாடுவாருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவர்க்கு அடுத்த உரிமையுடையவர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உரிமையுடையவர்க்குப் பாடும் தகுதி இல்லையேல் தகுதியுள்ளார் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் கல்லில் வெட்டி வைத்தனர்.

அவ்வேற்பாட்டை ஒரு குறையுமில்லாப் பொற்காலமாகக் கொண்டாட வேண்டுவதில்லை. பிறப்புவழி உரிமை அதன் அடித்தளமாக இருந்தது. குடிப்பிறப்பால் வெளியே நின்றவனுக்கு அந்நெல்லில் ஒரு மணியும் இல்லை. ஆயினும் அதனுள் ஒரு தெளிவு இருந்தது. பாடுதல் பணி என்று கொள்ளப்பட்டது. பணிக்கு நாள்தோறும் கூலி அளக்கப்பட்டது. கூலி எந்த நிலத்திலிருந்து வரும், யார் அளப்பார் என்பதும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டது. 'உன் கலைமேல் எமக்குப் பெருமதிப்பு. ஆனால் கையில் காசில்லை' என்று யாரும் பாடகனுக்குச் சொல்லவில்லை.

அரசுகள் மாறிக் கோயில் நிலங்கள் கைமாறிய பின்னர் இசையாய்வு தனியொருவர் மடியிலிருந்து பணம் எடுத்துச் செய்யப்படும் தொழிலாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் சித்த மருந்துகள் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மருந்து விற்ற பணம் பண்ணாராய்ச்சியாக மாறியது. விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன் பின்னே நின்றவை தமிழன்பர் சிலரின் கொடையும் அடிகளாரின் துறவு வாழ்க்கையுமே. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகச் சென்று பண்களைப் பாடிக் காட்டினார். 1981-இல் அவர் மறையும் மட்டும் அவர் புலமைக்கு ஈடான இருக்கை எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு அமையவில்லை.

இப் பெரியோரைப் போற்றும் மேடைகள் பல உண்டு. ஆனால் போற்றுதலில் ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. 'அவர்கள் பொருளுதவி இன்றியே செய்தார்கள் அல்லரோ? இற்றை மாணவன் ஏன் கை நீட்டுகிறான்?' என்று சிலர் அதே மேடையில் சொல்லிவிடுகின்றனர். பண்டிதரிடம் மருந்துத் தொழில் இருந்தது. அடிகளுக்குக் குடும்பம் இல்லை. தொழிலும் இல்லாத, துறவும் பூணாத, பெற்றோரையும் தங்கையையும் காக்க வேண்டிய இருபத்தோரகவை இளைஞன் எவ்வழியில் யாழ்நூலைக் கற்பான்?

இனி, இன்று திறந்திருக்கும் வாயில்களைக் காண்போர் காணட்டும்.

பள்ளி நிலையில் ஓர் அடித்தளம் உண்டு. தமிழ்நாட்டரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் 17 இயங்குகின்றன. குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்படுகின்றன. அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் மாணவர்க்குத் திங்கள்தோறும் 400 உருபா உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் சொல்லப்பட்டுள்ளன. தொகை சிறிதே. எனினும் சேர்ந்த நாள் முதலே அளிக்கப்படுகின்றது என்பது கருதத் தக்கது. இந்து சமய அறநிலையத்துறை நடத்தும் ஓதுவார் பள்ளிகளிலும் தவில், நாகசுரப் பள்ளிகளிலும் பயில்வார்க்குத் திங்கள்தோறும் ஊக்கத்தொகை உண்டு. கோயில் நிதியிலிருந்து இசை மாணவனுக்குப் படியளக்கும் பழைய முறையின் மிச்சம் இதுவே எனலாம்.

பள்ளியைக் கடந்து பட்டம், பட்டத்தைக் கடந்து முதுகலை என்று ஏறுந்தோறும் இவ்வுதவி பெருக வேண்டும். நடப்பதோ தலைகீழ். சென்னையில் 1949-இலும் திருவையாற்றில் 1965-இலும் அரசு இசைக்கல்லூரிகள் தோன்றின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் இசைக்கல்வி நடைபெறுகின்றது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இலும், இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகம் 2013-இலும் அமைந்தன. கட்டடங்களுக்குக் குறைவில்லை. அக்கட்டடத்தினுள் நுழையும் முதுகலை முதலாண்டு மாணவனுக்கு, அவன் இசை மாணவன் என்னும் பெயரிலேயே வரும் நிலையான பொருளுதவி என்று சொல்லத் தக்கது அரிது. அவன் பிற துறை மாணவரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அவ்வரிசையில் முதலாவது, வகுப்பு அடிப்படையிலான உதவி. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு நடுவணரசும் மாநில அரசும் சேர்ந்து தரும் பள்ளிக்குப் பிந்தைய உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருவாய் 2.5 இலக்கத்துக்கு உட்பட்டார்க்கு உரியது. முதுகலை இசைக்கும் இது செல்லும். கட்டணச் சுமையை நீக்குவதில் இதனினும் உறுதியான துணை வேறில்லை. பிற்படுத்தப்பட்டோர்க்கும் மாநில அரசின் உதவிகள் உண்டு. கிடைக்கும் நாள்தான் சிக்கல். ஆண்டின் தொடக்கத்தில் கட்ட வேண்டிய பணம் ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தால், இடைப்பட்ட திங்கள்களுக்கு வட்டிக்காரனே புரவலன் ஆகின்றான்.

இரண்டாவது, பல்கலைக்கழக நல்கைக் குழுவின் முதுகலை உதவித்தொகை. இந்தியா முழுமைக்கும் 10,000 பேர், திங்களுக்கு 15,000 உருபா, ஆண்டுக்குப் பத்துத் திங்கள், ஈராண்டு. அகவை முப்பதுக்கு உட்பட்ட, முழுநேர முதுகலை முதலாண்டு மாணவரே கேட்க இயலும். தொகையைப் பொறுத்தவரை இதுவே வாழ வைக்கக்கூடியது. ஆனால் தேர்வு, இளங்கலை மதிப்பெண்ணைக் கொண்டு நடைபெறுகின்றது. நாகசுரத்தில் மூன்று மணி நேரம் ஒரு பண்ணை விரித்து வாசிக்க வல்லவன், எழுத்துத் தாள்களில் 72 விழுக்காடு எடுத்து நிற்பான். அவனை எந்தப் பட்டியலில் தேடுவது? கைத்திறனை அளக்கும் கோல் அந்த அலுவலகத்தில் இல்லை.

மூன்றாவது, நடுவண் பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்க்குத் தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு 400 பேர்; 18 முதல் 25 அகவை; திங்களுக்கு 5,000 உருபா வீதம் ஈராண்டு, ஆறு திங்களுக்கு ஒருமுறை தவணையாக. ஆசிரியர் ஒருவரிடம் குறைந்தது ஐந்தாண்டு பயின்றிருக்க வேண்டும். கலையை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் இது மேலே சொன்னதினும் நேர்மையான முறை. ஈராண்டில் வருவது 1,20,000 உருபா. இதே அமைச்சகம் 25 முதல் 40 அகவையினர்க்கு 10,000 உருபாவும், நாற்பதைக் கடந்தார்க்கு 20,000 உருபாவும் திங்கள்தோறும் ஆய்வு நல்கையாக ஈராண்டு தருகின்றது. அவை முதுகலை மாணவனுக்கு எட்டா. வாழ்வில் ஒருவாறு கால் ஊன்றியவர்க்கு உரியன.

நான்காவது வாயிலே பெரிது; அதன் கதவே இறுகப் பூட்டியது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நல்கைக் குழு தரும் இளநிலை ஆய்வு நல்கை 2023 சனவரி முதல் திங்களுக்கு 37,000 உருபா. ஈராண்டுக்குப் பின் 42,000 உருபா. ஐந்தாண்டு வரை தொடரும். முதல் ஈராண்டும் ஆண்டுக்கு 4,44,000 உருபா! ஓர் இசை ஆய்வாளன் குடும்பத்தோடு வாழ்ந்து, நூல் வாங்கி, ஊர் ஊராகச் சென்று பாட்டுகளைப் பதிவு செய்து ஆய இது போதும். இதற்குரிய தேசியத் தகுதித் தேர்வில் இசை ஒரு பாடமாகவே வைக்கப்பட்டுள்ளது. கருநாடக இசைக்கும், இந்துத்தானி இசைக்கும், இரவீந்திரர் பாடலிசைக்கும், தாளக் கருவிகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள.

தேர்வுத்தாள் எம்மொழியில் இருக்கின்றது? மொழிப் பாடங்கள் நீங்கலாக எல்லாத் தாள்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! பொது அறிவுத் தாளின் 50 வினாவும் அவ்வாறே. இசைத் தாளின் 100 வினாவும் அவ்வாறே. மூன்று மணி நேரத்தில் 150 வினா.

இதன் பொருளை அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அலகாபாத்தில் இந்துத்தானி இசை பயின்றவன் தான் கற்ற மொழியிலேயே வினாவைப் படிக்கின்றான். அவன் படிக்கட்டும், அதில் யார்க்கும் காழ்ப்பில்லை. திருவையாற்றில் தமிழில் இசை கற்று, பாலை என்றும் பண் என்றும் திறம் என்றும் ஆளத்தி என்றும் தமிழ்ச் சொற்களாலேயே சிந்தித்துப் பழகியவன் அவற்றை ஆங்கில எழுத்துக் கூட்டலில் அடையாளங் கண்டு விடையளிக்க வேண்டும். 'கொட்டும் அசையும் தூக்கும் அளவும்' எனச் சிலப்பதிகார அரங்கேற்று காதை உரை கேட்டவன், அவற்றை வேற்று மொழி வினாவில் தேடித் தடுமாறுகின்றான். அத்தடுமாற்றத்துக்கு விலை ஐந்தாண்டு நல்கை. அவன் இசையறிவு குறைந்ததால் தோற்கவில்லை. வினா அவனிடம் அவன் மொழியில் பேசாததால் தோற்கின்றான். அதன் பின்னர், 'தமிழ்நாட்டு இசைக்கல்லூரிகளில் ஆய்வுத் தரம் இல்லை' என்று தில்லியில் ஒருவர் அறிக்கை எழுதுவார்.

பல மொழிகளில் தாள் அச்சிடுவது அரிது என்று சொல்ல வழியில்லை. இத் தேர்வை நடத்தும் அதே முகமையே மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்துகின்றது. அம் மருத்துவ நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டுக்கு வேண்டாதது என்பது வேறு வழக்கு. உயிரியலையும் வேதியியலையும் தமிழில் கேட்க முடிந்த முகமைக்குப் பண்ணையும் தாளத்தையும் தமிழில் கேட்க முடியாதா? இசைத்தாள் எழுதுவோர் தொகை இலக்கக் கணக்கில் இல்லை. தமிழில் ஒரு தாள் அமைக்க வேண்டுவன நான்கு புலவர்களும் ஒரு கலைச்சொற் பட்டியலும். அப்பட்டியலும் புதிதாகச் செய்யப்பட வேண்டுவதன்று. வீ.ப.கா. சுந்தரனார் தொகுத்த 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' நான்கு தொகுதிகளாகப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தாலேயே வெளியிடப்பட்டுள்ளது.

உள்நாட்டில் கதவு பூட்டியிருந்தால் வெளிநாட்டுக்குப் போகலாமே என்பார் உளர். பட்டியல் வகுப்பு மாணவர்க்கும், நாடோடிக் குடியினர்க்கும், நிலமற்ற உழவுத் தொழிலாளர் மக்களுக்கும் அயல்நாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்திட்டம் ஆண்டுக்கு 125 பேர்க்கு உதவுகின்றது. 2022-ஆம் ஆண்டில் அதன் விதிகள் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியக் குமுகாயம் பற்றிய ஆய்வுப் பொருள்களுக்கு இனி இவ்வுதவி இல்லை என்றனர். பறை முழக்கும் குடியில் பிறந்த பெண்ணொருத்தி, பறையின் வரலாற்றை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய விழைந்தால் அவ்விதி அவளை வாயிலிலேயே நிறுத்துகின்றது. அவள் வேறு துறை எதையேனும் பயிலலாம். தன் முன்னோர் தோளில் சுமந்த கருவியை மட்டும் ஆய்தல் ஆகாது. இந்தியப் பொருள்களை இந்தியாவிலேயே ஆயலாம், ஏந்துகள் இங்கேயே உள்ளன என்பது அவ்விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். நன்று. அங்ஙனமாயின் அவள் இந்தியாவிலேயே அதனை ஆயத் தமிழில் ஒரு தேர்வும், தேர்வுக்குப் பின் ஒரு நல்கையும் வைத்தனரா?

இவ்விடத்தில் ஒரு முரண் தமிழரை நாணச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாட்டு இசையை முதுகலை நிலையில் பயிலப் படியளப்பாரைத் தேட வேண்டியிருக்க, அமெரிக்காவில் அதே இசையைப் பயிலப் படியளந்தார்கள். கனெக்டிகட்டு மாநிலத்து வெசுலியன் பல்கலைக்கழகம் 1960-களின் தொடக்கத்திலேயே தென்னக இசையைப் பாடமாக்கியது. வீணை தனம்மாளின் பேரர்களான மிருதங்கக் கலைஞர் த. இரங்கநாதனும் குழலிசைக் கலைஞர் த. விசுவநாதனும் அங்கே ஆசிரியராயினர். அவர் தமக்கை பாலசரசுவதியும் 1962-இல் அங்குக் கற்பித்தார். அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற இக்கின்சு என்னும் அமெரிக்கர், தம் நாட்டின் புல்பிரைட்டு நல்கை பெற்று 1960-களில் சென்னைக்கு வந்து, விசுவநாதனாரிடம் குரலிசை கற்று, சென்னையார் 'பாகவதர்' என்றே அழைக்குமளவு பாடினார். 1984-இல் சாலையில் ஊர்தி மோதி அவர் இறந்தபோது தென்னக இசையுலகம் வருந்தியது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு 1992-இல் அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டது. எழுதியவர் யோசிதகா தெரடா என்னும் சப்பானியர். அவர்கள் கற்றதில் தமிழர்க்கு மகிழ்ச்சியே. அவர்க்கு அளந்த படியைத் தன் மாணவனுக்கு அளக்கத் தமிழ்நாடு ஏன் கற்கவில்லை என்பதே வினா.

அவர்கள் அளக்கும் முறை அறியத் தக்கது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசை வரலாறு, உலக மக்களிசை ஆய்வு ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வார்க்குப் பெரும்பாலும் முழுக் கட்டண விலக்கும் பல்லாண்டு வாழ்க்கைப் படியும் சேர்க்கை மடலிலேயே எழுதித் தரப்படும். அதற்கு ஈடாக மாணவன் வாரத்திற்கு 10 மணியோ 20 மணியோ பணி செய்வான். இளையோர்க்குச் செவிப்பயிற்சி வகுப்பு நடத்துதல், விடைத்தாள் திருத்துதல், பாடுவார்க்குப் பியானோ வாசித்து உடன் நிற்றல், இசைக்குழுவின் ஏடுகளைக் காத்தல் என்பன அப்பணிகள். அவன் வாங்குவது இரவற் பணமன்று, ஊதியம். பயிலும் காலத்திலேயே ஆசிரியனாகவும் ஆகிவிடுகின்றான். சில பள்ளிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. பிலடெல்பியா நகரத்துக் கர்ட்டிசு இசைப்பள்ளி 1928 முதல் எம்மாணவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. யேல் பல்கலைக்கழக இசைப்பள்ளி 2005-இல் கிடைத்த 10 கோடி டாலர் கொடையால் தன் மாணவர் அனைவர்க்கும் கட்டணத்தை நீக்கியது.

ஆயினும் அங்கே போக விழைவார் மயங்கிவிடலாகாது. ஆய்வுத்துறைக்குக் காட்டும் தாராளத்தைப் பாடுவார், வாசிப்பார்க்குரிய முதுகலையில் பல பள்ளிகள் காட்டுவதில்லை. அரைகுறைக் கட்டணத் தள்ளுபடியைப் 'பரிசில்' எனப் பெரிய எழுத்தில் எழுதி, எஞ்சிய தொகையைச் சிறிய எழுத்தில் போடுவர். அயல்நாட்டு மாணவன் பருவக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்திற்கு 20 மணிக்கு மேல் பணியாற்ற நுழைவிசைவு விதி இடந்தராது. ஆதலின் பணிசெய்தே கட்டிவிடலாம் என்னும் கணக்கு பொய்க்கும். சேர்க்கை கிடைத்தது என்னும் மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டா. பொருளுதவியோடு கூடிய அழைப்புக்கு விடையளிக்க ஏப்பிரல் 15 வரை காலம் தர வேண்டும் என அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் ஓர் உடன்பாடு கொண்டுள்ளன. அந்நாள் வரை பிற அழைப்புகளை ஒப்பு நோக்கலாம். கூடுதலாகக் கேட்டு எழுதவும் செய்யலாம். செருமனியில் அரசு இசைப்பள்ளிகள் பெரும்பாலான மாநிலங்களில் கட்டணம் வாங்குவதில்லை. இசை மாணவர்க்கெனத் தனி நல்கையும் உண்டு. ஆனால் நல்கை இல்லாதவன் நுழைவிசைவுக்காகவே ஓராண்டுச் செலவுப் பணத்தை வங்கியில் முன்னதாகக் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ. தவில்காரர் மகனுக்கு அது கட்டணமில்லாக் கல்வியாகுமா?

ஆகவே தீர்வு தமிழ்நாட்டில்தான் காணப்பட வேண்டும். அதற்கு வழியும் கண்முன் இருக்கின்றது. மாவட்ட இசைப்பள்ளிகள் 17 உள. அவற்றில் தொடக்க மாணவர்க்குத் தாளப் பயிற்சியும் குரற் பயிற்சியும் அளிக்க ஆள் வேண்டும். தமிழிசைச் சங்கம் 1949 முதல் ஆண்டுதோறும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தி வந்துள்ளது. அவற்றின் முடிவுகளைத் தொகுத்து அட்டவணை செய்ய ஆள் வேண்டும். ஓதுவார் மூத்தோர் பாடும் முறைகளைப் பதிவு செய்து சுரப்படுத்த ஆள் வேண்டும். நாட்டுப்புறத்துப் பாட்டுகளும் தெருக்கூத்துப் பாட்டுகளும் பாடுவாரோடு மறைந்து வருகின்றன. அவற்றைக் கேட்டெழுத ஆள் வேண்டும். இவ்வேலை எல்லாம் செய்ய வல்லவன் முதுகலை இசை மாணவன். அவனுக்கு வேலை வேண்டும். இவ்வேலைக்கு அவன் வேண்டும். இடையே ஊதியம் என்னும் ஒன்றுதான் இல்லை.

எவ்வளவு ஆகும்? நல்கைக் குழு முனைவர் பட்ட ஆய்வாளனுக்குத் தருவதில் காற்பங்கு என்று கொண்டால் திங்களுக்கு 9,250 உருபா. நூறு மாணவர்க்கு ஓராண்டுக்கு 1 கோடியே 11 இலக்கம். ஓர் அரசுக்கு இது பெருந்தொகையன்று. சிலைக்கும் வளைவுக்கும் செலவிடும் நாட்டில் இத்தொகையைப் பேசக் கூசுவானேன்? வாரத்திற்குப் பத்து மணிப் பணி என்று வரையறுத்து, சேர்ந்த முதல் திங்களிலிருந்தே அளிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலால் மட்டுமன்றிப் பாடவும் வாசிக்கவும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணப்பந்தல் வாசிப்பை இழந்து வரும் நாகசுர, தவில் மாணவர்க்கும், குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றார்க்கும் முன்னுரிமை தரப்பட வேண்டும். மார்கழித் திங்களில் சென்னை அவைகளுக்கு ஆயிரமாயிரமாய்க் கொடுக்கும் தமிழ்ச் செல்வரும், கடல் கடந்து பொருளீட்டும் தமிழரும் ஒரு கச்சேரிக்குச் செலவிடுவதை ஒரு மாணவனின் ஈராண்டுக்கு வைப்பு நிதியாக வைத்தால், அப்பெயரில் ஓர் இருக்கை நிலைக்கும்.

தேர்வு மொழியைப் பொறுத்தவரை, கோரிக்கை ஒன்றே. அடுத்து வரும் தகுதித் தேர்வு அறிவிப்பில் இசைத்தாள் தமிழிலும் இருக்க வேண்டும். இதனைக் கேட்க வேண்டுவோர் தெருவில் நிற்கும் இளைஞர் மட்டுமல்லர். இசைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு, தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை, தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் அனைவரும் எழுத்தில் கேட்க வேண்டும். வீ.ப.கா. சுந்தரனாரின் கலைச்சொற்களை அவ்விண்ணப்பத்தோடு இணைத்தே அனுப்பலாம்.

இவ்வாண்டு முதுகலையில் சேரவிருக்கும் மாணவர் இவையெல்லாம் நடக்கும் வரை காத்திருக்க இயலாது. அவர் செய்யத் தக்கன சில உண்டு. சாதிச் சான்றையும் வருவாய்ச் சான்றையும் சேர்க்கைக்கு முன்னரே பெற்று வைக்க வேண்டும். சேர்ந்த பின் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் நாளில் உதவித்தொகைக்குரிய இறுதி நாள் கடந்துவிடும். வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். ஆசிரியரிடம் பயின்ற ஆண்டுகளைக் குறித்து அவர் கையொப்பத்தோடு மடல் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். கிராமத்து ஆசிரியர் பலர் அத்தகைய மடல் எழுதியதே இல்லை, உடனிருந்து எழுதச் செய்ய வேண்டும். தாம் பாடியதை அல்லது வாசித்ததை நல்ல ஒலிப்பதிவாக வைத்திருக்க வேண்டும். ஒரே காலத்தில் இரண்டு அரசு உதவிகளைப் பெற விதிகள் பெரும்பாலும் இடந்தரா. ஆதலின் இரண்டும் கிடைப்பின் எதனைக் கொள்வது என்பதைத் தொகையையும் கிடைக்கும் காலத்தையும் சேர்த்து எண்ணி முடிவு செய்க. உதவி கிடைக்கவில்லை எனில் ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டறிக. அவ்விடைகள் நூறு சேர்ந்தால் அவையே அரசின் முன் வைக்கத் தக்க சான்று.

முதுகலைச் சேர்க்கை ஆனி, ஆடித் திங்களில் முடிந்துவிடுகின்றது. ஊதியப் பணித் திட்டம் அதற்கு முன்னரே பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களின் முன் வைக்கப்பட வேண்டும். அவ்வக் குழு உறுப்பினர்க்கு எழுதும் மடல்களைத் தமிழன்பர்கள் இத்திங்களிலேயே தொடங்கலாம்.